சதவீதத்துக்கும் இடத்துக்கும் நடுவே

2016 சட்டமன்றத் தேர்தலில் கோவில்பட்டியில் அதிமுகவின் கடம்பூர் ராஜு 64,514 வாக்குகள் பெற்றார். திமுகவின் சுப்பிரமணியன் பெற்றது 64,086. வித்தியாசம் 428. புதியம்புத்தூர் இருக்கும் ஓட்டப்பிடாரம் தொகுதியில் அதிமுகவின் சுந்தரராஜ், புதிய தமிழகத்தின் கிருஷ்ணசாமியை முந்தியது 493 வாக்குகளில். கருத்துக்கணிப்பைச் செய்தியாக்க உட்காரும் எவரும் இந்த இரண்டு எண்களை முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்கள் 300 பேரை ஒரு தொகுதியில் கேட்டிருந்தால், கோவில்பட்டியின் வெற்றிதோல்வி அவர்களில் ஒரே ஒருவரின் பதிலளவுதான். அவ்வளவு நுணுக்கம் எந்தக் கணிப்புக்கும் கிடையாது. அப்படியிருந்தும் 'இந்தத் தொகுதி இவருக்கு' என்று நாம் அச்சடித்து விடுகிறோம்.

கணிப்பு அளப்பது வாக்கு சதவீதத்தை மட்டும். அதையும் ஒரு பிழை வரம்போடுதான் அளக்கிறது. ஆயிரம் பேரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால் ஒரு கட்சியின் சதவீதம் மூன்று புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். இரண்டு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை எடுத்தால் அந்தப் பிழை கிட்டத்தட்ட இரு மடங்காகும். இதைத்தான் செய்தி மேசையில் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். 'இரண்டு சதவீதம் முன்னிலை' என்றால் உண்மையில் யார் முன்னால் என்று தெரியவில்லை என்றே பொருள். இட எண்ணிக்கையோ அளந்த எண்ணே அல்ல. சதவீதத்தின் மேல் சில அனுமானங்களை ஏற்றிப் பெறுவது. 2016இல் இரு அணிகளின் வாக்கு வித்தியாசம் இரண்டு சதவீதத்தைத் தொடவில்லை. இடங்களிலோ அதிமுக 134, திமுக அணி 98. அந்த முறை ஒரு எக்ஸிட் போல் திமுக அணிக்கு 124 முதல் 140 வரை கொடுத்தது; இன்னொன்று அதிமுகவுக்கு 139 கொடுத்தது. சதவீதத்தில் சிறிதாகத் தெரிந்த தவறு இடக்கணக்கில் ஆட்சியையே மாற்றிக் காட்டியது.

மாநில சதவீதத்தை எல்லாத் தொகுதிகளுக்கும் ஒரே அளவில் பரப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கோவில்பட்டியே சாட்சி. 2021இல் அமமுக மாநில அளவில் மூன்று சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இங்கே அக்கட்சியின் டிடிவி தினகரன் 56,153 வாக்குகளோடு இரண்டாம் இடம் பிடித்தார். மாநிலம் முழுக்க வென்ற திமுக அணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் மூன்றாம் இடத்துக்குப் போனார். யாரைக் கேட்டார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். புதியம்புத்தூர் ரெடிமேட் பட்டறையில் பீஸ் கணக்குக்குத் தைக்கும் பெண்ணும், கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்பவரும் பகல் நேரத் தொலைபேசிக் கணிப்பில் எளிதாக விடுபட்டுப் போவார்கள். மாதிரியைப் பெரிதாக்கினால் இந்தக் குறை தீராது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைக் கையில் வைத்துக்கொண்டே ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46இல் வென்றார்.

2016இல் ஒரு கணிப்பு ஏறத்தாழச் சரியாகத்தானே சொன்னது என்று கேட்கலாம். எதிரெதிராகப் பல எண்கள் வரும்போது ஒன்று நெருங்கி வருவது இயல்பு. அது எது என்று முடிவுக்கு முன்பே சொல்ல முடிந்தால்தான் வாசகருக்குப் பயன். கணிப்பே வேண்டாம், டீக்கடையில் நாலு பேரைக் கேட்டால் போதும் என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டீக்கடைப் பேச்சு மக்களின் கவலைகளைச் சொல்லும். எத்தனை பேர் யார் பக்கம் என்பதைச் சொல்லாது. அதற்கு ஒழுங்கான கணிப்புதான் வழி. வாசகர் எண் கேட்கிறார் என்பதும் மெய்தான். அப்படியானால் சதவீதத்தையும் பிழை வரம்பையும் சேர்த்தே கொடுப்போம். 'இழுபறி, இந்தக் கணிப்பை வைத்துச் சொல்ல முடியாது' என்பதும் செய்திதான்.

கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல் வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு தடை விதிக்கிறது. அதனால் எல்லா எக்ஸிட் போல்களும் ஒரே மாலையில் வந்து குவிகின்றன, யோசிக்க நேரமிருக்காது. எத்தனை பேர், எந்தத் தேதிகளில், நேரிலா தொலைபேசியிலா, பணம் கொடுத்தது யார், சதவீதத்தை இடமாக மாற்றியது எப்படி என்ற கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். பதில் வராத கணிப்புக்கு முதல் பக்கத்தில் இடம் கொடுக்காதீர்கள்.