காலும் அவதானமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவொன்றில், லாரிப் புழுதி ஜன்னற்கம்பியில் ஓயாது படிந்துகொண்டிருக்கும் ஒரு சிறிய அறையில், ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கும் அவர்தம் மனைவிமாருக்கும் தேகாப்பியாசம் கற்பிப்பதையே ஜீவனமாகக் கொண்டு பல வருஷங்களைக் கழித்தவன் நான். இயன்முறை மருத்துவன் என்பது சான்றிதழில் உள்ள பெயர்; இங்குள்ளவர்களுக்கு நான் ‘பிசியோ சார்’. முழங்காலுக்கும் இடுப்புக்கும் பரிகாரம் தேடியே அவர்கள் வருகிறார்கள். அந்த முழங்காலோடு அவர்களுடைய சிந்தையும் சேர்ந்தே என் அறைக்குள் நுழைகிறது என்பதை உணர எனக்கு வெகுகாலம் பிடித்தது.

அதை உணர்த்தியவர் ஒரு பெரியவர். உருட்டாலையில், செக்கச்சிவந்த கம்பி உருளைகளுக்கு இடையிலிருந்து சீறி வெளிப்படும் கணத்தில் அதன் தலையை இடுக்கியால் பற்றி, மறு உருளைக்குத் திருப்பிவிடும் வேலையில் முப்பது வருஷம் நின்று, பத்து விரலும் பழுதின்றி வீடு திரும்பியவர். அப்படிப்பட்டவரை என் அறையில் நடக்கச் சொல்லி, நடையின் நடுவே, “ஐயா, பேத்தி எத்தனாவது படிக்குது?” என்று கேட்டேன். அவர் நின்றார், யோசித்தார், “ஏழாவது சார்” என்று சொல்லி முடித்த பிறகே அடுத்த அடியை எடுத்து வைத்தார். ஸ்வீடன் தேசத்தில் லண்டின்-ஓல்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1997இல் இதையே கவனித்து எழுதினார்கள்: பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திய முதியோர் 12 பேரில் 10 பேர், ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். வாலிபத்தில் தானாக நடக்கும் கால், விருத்தாப்பியத்தில் ஒவ்வோர் அடிக்கும் மனத்தினிடம் கடன் கேட்கிறது. அந்த வேளையில் வேறொருவரும் கேட்டால், கொடுப்பதற்கு மனத்தினிடம் மிச்சம் இருப்பதில்லை.

சிந்தைக்கு எல்லா அப்பியாசமும் ஒரே பலனைத் தருவன அல்ல. நடையின் பலன் ஞாபகத்தைச் சார்ந்தது: எரிக்சன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 120 முதியோரில் வாரம் மூன்று நாள், நாற்பது நிமிஷம் என ஒரு வருஷம் நடந்தவர்களுக்கு, மூளையில் நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி 2 சதவீதம் பருத்திருந்தது, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. எடை தூக்குவதன் பலன் வேறு: வான்கூவரில் 155 மூதாட்டியரை வைத்து லியூ-அம்ப்ரோஸ் 2010இல் கண்டபடி, வாரம் ஓரிரு முறை ஒரு வருஷம் எடை பழகியவர்கள், ‘சிவப்பு’ என்ற சொல் நீல மையில் எழுதப்பட்டிருக்கையில் சொல்லைப் புறக்கணித்து நிறத்தைச் சொல்லும் பரீட்சையில் தேறினார்கள், அதாவது, வேண்டாததைத் தள்ளி வேண்டியதைப் பற்றும் சக்தி கூடியது. ஆனால் இதையெல்லாம் சர்வரோக நிவாரணியாக விற்க வந்தவனல்ல நான். 1,635 முதியோரை வைத்து இரண்டு வருஷம் நடந்த ‘லைஃப்’ என்ற பெரிய ஆராய்ச்சி, 2015இல் வெளிவந்தபோது, ஆரோக்கிய உபதேசம் மட்டும் கேட்டவர்களைவிட அப்பியாசம் செய்தவர்களின் புத்தி மேம்பட்டதாகக் காட்டவில்லை. பயிற்சி எது, எத்தனை நாள் என்பவற்றோடு, செய்பவரின் சிந்தை அப்போது எங்கே இருக்கிறது என்றும் நான் கேட்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அப்போதுதான் என் பிழை எனக்கே தெரிந்தது. மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அவர்கள் தூக்கும்போதெல்லாம், “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணியவன் நான். கை அவர்களுடையது, கணக்கு என்னுடையது. எண்ணிக்கையை நான் வைத்துக்கொண்டதால், அவர்களுடைய கண் மின்விசிறியிலும், காது வாசலில் போகும் லாரியிலும் இருந்தன. மறுநாள் முதல் வாயை மூடிக்கொண்டேன். முதல் வாரம் ஒருவர் ஏழில் நிறுத்திப் பத்து என்றார். ஒரு பாட்டி பதினைந்தைத் தாண்டியும் ஓயவில்லை. மூன்றாம் வாரத்தில் அறை அமைதியாயிற்று. பத்தும் பத்தாகவே முடிந்தன.

உருட்டாலைப் பெரியவருக்கு வேறொரு பாடம் வைத்தேன். ஒரே சமயத்தில் பலவற்றில் கருத்தூன்றும் அவதானக் கலையை வளர்த்த நாட்டில் பிறந்தவர் அல்லவா? நடந்துகொண்டே, தாம் வேலைக்கு வந்துபோன ரயில் பாதையின் நிலையங்களை ஒப்பிக்கச் சொன்னேன். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி என்று போகும்போது நடையில் தடையில்லை. அதையே எண்ணூரிலிருந்து திருப்பிச் சொல்லும்போது அத்திப்பட்டிலேயே கால் நின்றுவிட்டது. விழுந்துவிடாதபடி பக்கத்திலேயே ஓரடி பின்தங்கி நடந்தேன். இப்படி வாரம் மூன்று நாளாக நான்கு மாதம் சென்றது.

ஒரு மாலை, அவர் சோர்ந்திருக்கக் கண்டு நானே தொடங்கி வைத்தேன்: “எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, மீஞ்சூர்...”

“நந்தியம்பாக்கத்த வுட்டுட்டீங்களே சார்” என்றார் பெரியவர். திரும்பிப் பார்க்கவில்லை, கால் நிற்கவுமில்லை. கவனம் பிசகி நின்றவன் நான்தான்.