தள்ளாதே, திருகு!

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி திண்டுக்கல் வந்து சேர்ந்தபோது, காரின் பின்சக்கரத்தில் 'கிரீச்' சத்தம். மறுநாள் ஞாயிறு. வீட்டு வாசலிலேயே பிரேக் பேட் மாற்ற உட்கார்ந்தான் மகன். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார் அப்பா. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றதே திண்டுக்கல் பூட்டு, அதைச் செய்து செய்தே கை காய்த்துப்போனவர்.

முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டும் வைத்தாயிற்று. பழைய பேட் 2 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. புதியது தடிமன். அது உட்கார, பிஸ்டன் உள்ளே போக வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினான். அசையவில்லை. இன்னும் இறுக்கப் போனான்.

"தள்ளாதடா, உடைஞ்சுடும். முகத்துல வெட்டு இருக்கு பாரு, எதுக்கு வெச்சிருக்கான்? திருகிப் பாரு."

திருகியபடி அழுத்தினான். உள்ளே போனது. பல கார்களில் ஹேண்ட் பிரேக்கின் திருகு, பின்சக்கர பிஸ்டனுக்குள்ளேயே இருக்கும். வெறுமனே அழுத்தினால் அதுதான் பழுதாகும். எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால், முதலில் சர்வீஸ் மோடுக்கு மாற்ற வேண்டும்.

இரண்டு பக்கமும் முடித்து, கிளப்பும் முன் பிரேக்கை மிதித்தான். பெடல் அடிவரை இறங்கியது. அப்பா பதறிவிட்டார்.

"பயப்படாதீங்கப்பா. பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொடணும்."

ஏழெட்டு முறை மெதுவாக மிதித்ததும் கெட்டியானது. மிதிக்காமல் கிளம்பியிருந்தால், தெருமுனையில் பிரேக் பிடித்திருக்காது.

சாவியை நீட்டியபோது அப்பா சொன்னார்: "அடுத்த தடவை மலை இறங்கும்போது சின்ன கியர்லயே வா. இதுவும் சீக்கிரம் தேயாது."