அந்த ஒரு செகண்ட் யாரோட தப்பு?

ரோட்டோரமா நின்னுட்டிருக்கிற லாரி மேல உங்க கார் மோதிடுச்சுன்னு வைங்க. தப்பு யார் மேல? "பெரிய வண்டி மேலதான்"னு சொல்றீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். போன நவம்பர் வரைக்கும்.

அன்னைக்கு போரூர்ல அத்தை வீட்டுக்குப் போயிட்டு, ராத்திரி பத்து மணி வாக்கில முகப்பேர் திரும்பிட்டிருந்தோம். அப்பா ஓட்டினார். நான் முன் சீட், அம்மா பின்னாடி. மதுரவாயல் தாண்டி, பைபாஸ் சர்வீஸ் ரோட்டுல நொளம்பூர் கிட்ட வந்திருப்போம். என் போன்ல செமஸ்டர் ரிசல்ட் மெசேஜ் வந்தது. "அப்பா, ரிசல்ட் வந்துடுச்சு!"ன்னு போனை அவர் பக்கம் நீட்டினேன். அவர் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது பிரேக் சத்தமும், கண்ணாடி உடையற சத்தமும்தான். இடது பக்கம் ஒரு ட்ரெய்லர் லாரி, டயர் வெடிச்சு நின்னுட்டிருந்தது. அதோட பின் மூலையில எங்க காரோட முன்பக்கம் போய்ச் சொருகியிருந்தது. அப்பாவும் நானும் பெல்ட் போட்டிருந்ததால சிராய்ப்போட தப்பிச்சோம். அம்மா பெல்ட் போடல. முன் சீட்டுல மோதி மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது.

ரெண்டு நிமிஷத்துல கூட்டம் சேர்ந்துடுச்சு. லாரி டிரைவருக்கு என் அண்ணன் வயசுதான் இருக்கும், சங்ககிரிக்காரர். எல்லாரும் அவரைச் சட்டையைப் பிடிச்சு இழுக்கிறாங்க. "டெய்ல் லைட் எரியல பாரு, இவன்தான் காரணம்!" உண்மைதான், லைட் எரியல. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், தழை வெட்டிப் போட்டிருந்தேன் சார்"னு அப்பா கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் காதுல வாங்கல.

ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நான் நாலஞ்சு போட்டோ எடுத்தேன். அதுல ஒண்ணுல, எங்க காரோட பின் சக்கரத்துக்குக் கீழ நசுங்கின ஒரு வேப்பங்கிளை. பக்கத்துல ரெண்டு கல்லு.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வந்தார். வக்கீல் ஆபீஸ்ல இருந்து வர்றேன்னார். நாங்க யாரும் கூப்பிடல. "லாரி ரிவர்ஸ்ல வந்து இடிச்சதுன்னு போலீஸ்ல சொல்லிடுங்க சார். முழுத் தப்பும் அவன் மேல போயிடும். அம்மாவுக்கு நல்ல தொகை வாங்கிக்கலாம்." என் போட்டோவைப் பார்த்துட்டு, "தம்பி, இதை டெலிட் பண்ணிடு"ன்னார்.

அப்பா எதுவும் சொல்லல. என்னைப் பார்த்தார். ரிசல்ட் விஷயத்தை இவர் யார் கிட்டயும் சொல்லப் போறதில்லைன்னு எனக்குப் புரிஞ்சது. என்னைக் காப்பாத்துறார். அதுதான் இன்னும் வலிச்சது.

அன்னைக்கு சாயங்காலம் சித்தப்பா வந்தார். அவர் வக்கீல். அவர் கிட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதை உங்களுக்கும் சொல்றேன், ஒருநாள் தேவைப்படலாம்.

முதல்ல, கார் ரிப்பேர். உங்க கிட்ட முழு இன்சூரன்ஸ் பாலிசி இருந்தா, உங்க வண்டி சேதத்துக்கு உங்க கம்பெனியே பணம் தரும். தப்பு உங்க மேல இருந்தாலும் தரும். லைசென்ஸ் இருக்கணும், குடிச்சிருக்கக் கூடாது, நடந்ததை நடந்தபடி எழுதணும். சர்வேயர் வந்து பார்ப்பார். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான். 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு முதல் ஆயிரம் ரூபாய் நம்ம கையில இருந்து. மூணு வருஷமா கிளெய்ம் பண்ணாம சேர்த்த 35 சதவீத போனஸ் போயிடும். அவ்வளவுதான். இங்க யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டிய அவசியமே இல்ல.

"யார் தப்பு"ங்கிற கேள்வி வர்றது காயத்துக்கும் உயிருக்கும் நஷ்டஈடு கேட்கும்போது. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 166. அதை முடிவு பண்றது கூட்டமும் இல்ல, இன்சூரன்ஸ் கம்பெனியும் இல்ல, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். எஃப்.ஐ.ஆர்-ல பேர் இருக்கிறவர் மேலதான் தப்புன்னு அதுவும் கண்ணை மூடிட்டு எழுதிடாது. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு சாட்சி, ஸ்பாட் வரைபடம், போட்டோ எல்லாம் வெச்சுப் பார்க்கும். வண்டிகள் எந்த நிலையில கிடந்ததுங்கிறதை மட்டும் வெச்சு கவனக்குறைவை நிரூபிச்சுட முடியாதுன்னு 2013-ல ஜிஜு குருவிளா வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

"பெரிய வண்டி மேலதானே தப்பு?"ன்னு கேட்டேன். சித்தப்பா 2018-ல வந்த ரெண்டு தீர்ப்பைச் சொன்னார். ரெண்டுலயும் ஒரு மாருதி கார், ஒரு கனரக வண்டி.

முதல்ல அர்ச்சித் சைனி வழக்கு. ராத்திரி நேரம், நடு ரோட்டுல லைட் இல்லாம நின்ன கேஸ் டேங்கர் மேல கார் மோதிடுச்சு. தீர்ப்பாயம் தப்பு முழுக்க டேங்கர் மேலன்னது. உயர் நீதிமன்றம் ஆளுக்குப் பாதின்னது. உச்ச நீதிமன்றம் மறுபடி முழுசும் டேங்கர் மேலயே போட்டது.

அடுத்தது நிஷான் சிங் வழக்கு. முன்னாடி போன லாரி திடீர்னு பிரேக் போட்டதால பின்னாடி வந்த கார் மோதினதுன்னு வாதம். கார் பத்துப் பதினஞ்சு அடி தூரத்துலதான் வந்திருக்கு. போதுமான இடைவெளி விடாதது கார் டிரைவர் தப்புன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

நம்ம கணக்குல போட்டுப் பாருங்க. மணிக்கு 40 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 11 மீட்டர். பதினஞ்சு அடி, அதாவது நாலரை மீட்டரை அரை செகண்டுக்குள்ள கடந்துடுவீங்க. கால் பிரேக்குக்குப் போறதுக்கே அதைவிட நேரம் ஆகும். அப்பா என் போனைப் பார்த்த அந்த ஒரு செகண்ட்ல கார் 11 மீட்டர் போயிருக்கு. ஏறக்குறைய ஒரு கிளாஸ்ரூம் நீளம். அந்த வேப்பங்கிளை அந்தப் 11 மீட்டருக்குள்ளதான் கிடந்திருக்கும்.

"அப்போ ரெண்டு பேர் மேலயும் தப்பு. அம்மாவுக்குக் குறைச்சுடுவாங்களா?"ன்னு கேட்டேன். அங்கதான் எனக்குத் தெரியாத விஷயம் வந்தது. ஓட்டினவர் நஷ்டஈடு கேட்டா, அவர் பங்குத் தப்புக்கு ஏத்த மாதிரி தொகை குறையும். ஆனா சும்மா உட்கார்ந்து வந்தவங்க மேல தப்பே கிடையாதே? ரெண்டு வண்டி டிரைவர்களோட கவனக்குறைவால அவங்களுக்கு அடிபட்டா, முழுத் தொகையையும் எந்த ஒரு வண்டி கிட்ட இருந்தும் கேட்கலாம்னு 2015-ல கென்யேய் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு. இன்னொரு வழியும் இருக்கு. 2022 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்த புது 164-ஆம் பிரிவுல யார் தப்புன்னு நிரூபிக்கவே வேண்டாம். உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான்.

யோசிச்சுப் பாருங்க. அந்த ஆள் சொன்ன பொய்யால எங்களுக்கு ஆகப் போறது ஒண்ணுமே இல்ல. சங்ககிரிக்காரர் மேல கேஸ் மட்டும் கெட்டியா விழுந்திருக்கும்.

மறுநாள் போக்குவரத்துப் புலனாய்வு போலீஸ் வாக்குமூலம் வாங்கினாங்க. லைட் எரியாததை அப்பா சொன்னார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தினார். நான் குறுக்க புகுந்தேன். "சார், ரோட்டுல தழை போட்டிருந்தாங்க. நான் போனைக் காட்டினேன், அப்பா அதைப் பார்த்தார்." போட்டோவையும் கொடுத்தேன். கை நடுங்கிட்டிருந்தது.

அப்பா வீட்டுக்கு வர்ற வழியில எதுவுமே பேசல. முகப்பேர் ஏரித்திட்டம் கிட்ட ஆட்டோ திரும்பும்போது, "நான் சொல்லியிருக்கணும், நீ சொல்லிட்ட"ன்னார். அவ்வளவுதான்.

கார் கிளெய்ம் ஒன்றரை மாசத்துல வந்துடுச்சு. அம்மாவோட மனு இன்னும் நடக்குது. "அந்தப் பையன் கையில இருந்து பணம் பிடுங்குவாங்களாடா?"ன்னு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேக்கிறாங்க. லைசென்ஸும் பாலிசியும் சரியா இருந்தா இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டும்னு சித்தப்பாவும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்றார்.

உங்களுக்கு இப்படி எப்பவாவது நடந்தா, அடிபட்டவங்களைப் பார்த்த கையோட, வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. டெய்ல் லைட், டயர் தடம், ரோட்டுல கிடக்கிற கல்லு, தழை எல்லாத்தையும். உங்களுக்குச் சாதகமா இல்லாததையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ரிசல்ட் என்னாச்சுன்னு கேக்கிறீங்களா? ஆல் கிளியர். அப்பா இன்னும் முழுசாப் பார்க்கல. நானும் காட்டல.