பச்சை குத்தும் ஊசி

சென்ற திங்களில் ஒரு மாலை, கல்லூரியில் பயிலும் என் தமக்கை மகள், "மாமா, ஆச்சியின் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன்" என்றாள். வங்காளத்தார் இதனை 'உல்கி' என்பர். நான் திடுக்கிட்டேன். பத்தாண்டுகட்கு முன் என் தம்பி ஒரு திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொண்டான். வந்தவர் அனைவர்க்கும் ஒரே ஊசி. இடையிடையே கந்தைத் துணியால் துடைத்ததே தூய்மை! மூன்று திங்களில் மஞ்சட்காமாலை கண்டது. ஹெபடைடிஸ் பி என்றும், ஊசியே காரணமாகலாம் என்றும் மருத்துவர் உரைத்தார். அவன் தேறி எழ அரையாண்டு ஆயிற்று.

என் அன்னையின் முன்கையிலும் பச்சைக் கோலம் இருந்தது. ஊரில் குறத்தி ஒருத்தி, தையல் ஊசிகள் நான்கைந்தை நூலாற் கட்டி, விளக்குக் கரியைத் தோய்த்துக் குத்தினாளாம். இன்றைய மின்பொறிக்கு 1891-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துச் சாமுவேல் ஓரெய்லி உரிமம் பெற்றார். எடிசனின் மின்பேனாவே அதற்கு முன்னோடி. ஆயினும் ஊசிகளைக் கூட்டிக் கட்டும் முறை மாறவில்லை.

பெண் பிடிவாதக்காரி. ஆகவே நானும் உடன் சென்றேன்.

வட்டமாய் நெருங்கக் கட்டிய ஊசிகள் கோடு இழுப்பதற்கு. தளர்ந்தவையும், இரு வரிசையாய் அடுக்கியவையும் நிழல் நிரப்புவதற்கு. ஓர் ஊசியின் பருமன் பெரும்பாலும் 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர். தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மை தங்குகிறது; நாளடைவில் சற்றே பரவுகிறது. நம் ணகர ளகரச் சுழிகளைச் சிறிதாய் எழுதி ஏழு ஊசிக் கூட்டால் குத்தினால், சில ஆண்டுகளில் சுழி அடைபட்டுக் கரும்புள்ளியாகிவிடும். மூன்று ஊசிக் கூட்டே போதும் என்றும், எழுத்தைச் சற்றுப் பெரிதாக்குக என்றும் வேண்டினேன். குத்தும் இளைஞரும் அதனை ஒப்பினார்.

பின்னர் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கிய குறிப்பு இருந்தது. ஆனால் காலாவதித் தேதி கடந்திருந்தது. பயணச்சீட்டில் தேதி பார்த்தே பழகிய கண் இது, ஏமாறுமா? இளைஞர் முகம் சுளித்தார். "மாமா, விடுங்கள்" என்று பெண் நாணினாள். நான் விடவில்லை. வேறொரு பொட்டலம் வந்தது, தேதி சரியாயிருந்தது, எங்கள் கண்முன்னரே பிரித்தார். மையையும் புதிய சிறு கிண்ணத்தில் ஊற்றச் செய்தேன்.

பணி முடிந்ததும் அவ்வூசி துளைபடாத பெட்டிக்குள் விழுந்த ஓசையைக் கேட்ட பின்னரே எழுந்தேன். தம்பிக்கு இச்செய்தியை இன்னும் தெரிவிக்கவில்லை.