அணைத்த பிறகு தொடங்கும் பேச்சு

சூடேறிய தூசிக்கென்று ஒரு வாசனை உண்டு, லேசாகக் கருகினது போல, கொஞ்சம் இனிப்பாகவும். பாலக்கோடு பக்கத்தில் பேத்தி படிக்கிற பள்ளிக்குப் போயிருந்தபோது, ஜன்னலுக்குத் துணி கட்டி இருட்டாக்கிய வகுப்பறையில் புரொஜெக்டர் ஓடத் தொடங்கியதும் அந்த வாசனைதான் முதலில் வந்தது, படம் பிறகுதான் வந்தது. திரையில் ஒளிச்சேர்க்கை, கீழே ஆறாறு பேராகப் பிரித்து உட்கார வைத்த பிள்ளைகள், குழுவுக்கு ஒரு டேப், அதை ஒரு பிள்ளை விரலால் தள்ள மற்ற ஐந்தும் வெளிச்சம் முகத்தில் பட சும்மா இருக்கின்றன. பிள்ளைகள் எப்படி ஒன்றிப்போய்ப் பார்க்கிறார்கள் பாருங்கள் என்றார் ஆசிரியை, நல்ல மனுஷி, நானும் தலையாட்டி வைத்தேன்.

என் மூக்கு அதற்குள் எழுபதுகளின் பஞ்சாயத்து ரேடியோ அறைக்குப் போய்விட்டிருந்தது. வால்வு ரேடியோ, திருகினதும் பேசாது, உள்ளே செம்மஞ்சளாக ஒளி ஏறி, தூசி சூடாகி, அந்த வாசனை எழுந்த பிறகுதான் குரல் வரும், அதற்குள் தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டிருப்பார். அவர் பல்லெல்லாம் காவி, வெற்றிலைக் கறை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், எங்கள் மாவட்டத்துத் தண்ணீரின் ஃப்ளோரைடு என்பது எங்களுக்குத்தான் தெரியும். வாசல் திண்ணையில் பெண்கள் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டே ‘வீடும் வயலும்’ விவசாய நிகழ்ச்சி கேட்பார்கள், புளியின் நெடியும் புகையிலை நெடியும் கலந்து கிடக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லை ரேடியோவில் கேட்டே விதைத்தார்கள், அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வந்தது, அந்தக் கதை எங்கள் ஊருக்கும் வந்திருந்தது. எங்களுக்கோ மானாவாரிச் செம்மண், கேவுரும் சாமையும்தான், காவிரி எங்கள் ஒகேனக்கல்லில் விழுந்து அவர்கள் வயலுக்குப் போகிறது. எனவே ரேடியோவை அணைத்ததும் வழக்கு தொடங்கும்.

“ஏம்ப்பா, நெல்லுக்குச் சொன்ன உரம் கேவுருக்கு ஆவுமா?”

“அந்தப் பொட்டியவே கேளு, அதான் சொல்லிச்சு.”

சிரிப்பு அடங்கினால் கணக்கு வரும், ஏக்கருக்கு இவ்வளவென்றால் அரைக்காணிக்கு எவ்வளவு, மழை பொய்த்தால் பயிர் கருகாதா, ஒரு பாத்தியில் போட்டு ஒரு பாத்தியை விட்டுப் பார்த்தால் என்ன, இப்படியே அடுப்பில் களி ஆறிப்போகும். எனக்குப் பின்னம் புரிந்தது அங்கேதான், பள்ளியில் இல்லை. ரொம்ப எளிதாகவும் இல்லாமல் கைமீறியும் போகாமல் ஒரு சிக்கல் முன்னால் இருந்தால் மனிதன் நேரம் மறந்துபோகிறான் என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி பின்னாளில் எழுதியதைப் படித்தபோது, எனக்கு அந்த ஆறிய களிதான் ஞாபகம் வந்தது.

இது எங்கள் ஊர்க் கிறுக்கு மட்டுமில்லை. 1956இல் பூனாவைச் சுற்றிய மராத்தி கிராமங்களில் வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து ரேடியோ மன்றங்கள் நடத்தின, இருபது பேர் போலக் கூடி நிகழ்ச்சியைக் கேட்பது, பிறகு அதையே பேசித் தீர்ப்பது. மதிப்பீடு செய்த பால் நியூராத் கண்டது, பெட்டி மட்டும் இருந்த கிராமங்களைவிடக் கூடிப் பேசிய கிராமங்கள் எவ்வளவோ அதிகம் கற்றன என்பது.

தொண்ணூறுகளில் அறிவொளி எழுத்தறிவு வகுப்புக்கு அரூர்ப் பக்கம் போனபோதும் இதையே பார்த்தேன், ஒரே அரிக்கேன் விளக்கு, அதனாலேயே எல்லாத் தலைகளும் ஒரே புத்தகத்தின் மேல், மண்ணெண்ணெய் வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையுமாக, ஒருத்தி எழுத்துக் கூட்டினால் இன்னொருத்தி திருத்துவாள், மூன்றாமவள் இருவரையும் வைவாள்.

எங்கள் ஆயாவுக்கு அந்த வகுப்பும் வாய்க்கவில்லை, நான் பாடம் படித்தால் பின்னால் நின்று “அட, அப்புறம்?” என்பாள், அவ்வளவுதான், அந்த அப்புறத்துக்காகவே அடுத்த பக்கம் திருப்புவேன். புதுச்சேரி அருகே காளிகுப்பத்தில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா பொதுவில் ஒரு கணினியை வைத்து, தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பத்தைத் தாங்களே கற்பார்களா என்று பார்த்தார், ஓரளவு கற்றார்கள், பாடம் தெரியாத ஓர் இளம்பெண் கூட நின்று ஊக்கப்படுத்திய பிறகு இன்னும் ஏறினார்கள். பாட்டி முறை என்று அதற்குப் பேர் வைத்தார், 2010இல் கட்டுரையும் வந்தது, ஆயா இருந்திருந்தால் இதற்கெல்லாமா கட்டுரை என்றிருப்பாள்.

படம் முடிகிற நேரத்தில் கடைசிக் குழுவிலிருந்து ஒரு பையன், “மிஸ், ராத்திரி செடி என்ன பண்ணும்?” என்றான், சும்மா இருந்த ஐந்து பேரும் சட்டென்று அவன் பக்கம் திரும்பினார்கள், மணி அடித்துவிட்டது, அடுத்த வகுப்பு வாசலில் நின்றது. அந்தப் பிள்ளைகள் வெறுமனே பார்க்கிறவர்கள் என்று அதுவரை நினைத்ததை அப்போதே மாற்றிக்கொண்டேன், டேப்பின் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே படத்தை அணைத்துவிடுங்கள், சத்தம் வந்தால் வரட்டும், தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் பாடம் நடக்கிறது என்று சொல்லுங்கள்.