தண்ணீருக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலடி நீள மீன் தொட்டி வந்த நாளிலிருந்து, மின்சாரம் போன ராத்திரிகளில்தான் அம்மா நிம்மதியாகத் தூங்கினார். மோட்டார் நின்றால்தான் அந்தச் சத்தமும் நிற்கும். சிறிது நேரம் சலசலவென்று வடியும். பிறகு இளநீரின் கடைசி மிடறை உறிஞ்சுவதுபோல நீண்ட உறிஞ்சல். கடைசியில் தொண்டையில் இறங்குவதுபோல் ஒரு 'குளுக்'. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நாற்பது விநாடிக்கு ஒருமுறை தவறாமல் வந்தது.

இந்த வகைத் தொட்டியில் தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேல்மட்டத்தைத் தாண்டும் நீர் மூலையிலுள்ள கண்ணாடித் தடுப்புக்குள் விழுந்து, குழாய் வழியாகக் கீழே அலமாரியில் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கும். நம் வீடுகளில் தரைக்கடியில் கட்டும் நீர்த்தொட்டியைப் போலவே இதற்கும் சம்ப் என்றுதான் பெயர். அங்கே வடிகட்டியைத் தாண்டிய நீரை மோட்டார் மேலே ஏற்றும். மேல்மட்டத்து எண்ணெய்ப் படலம் கழிந்துபோகும், நீரில் காற்று கலக்கும், மீனுக்கு நல்லது. எங்களுக்குத்தான் தூக்கம் போனது.

குழாயின் வாயில் பஞ்சை அடைத்தால் சத்தம் குறையும் என்று யாரோ சொல்ல, அடைத்தேன். குறைந்தது. பத்தாம் நாள் அழுகிய இலை ஒன்று பஞ்சில் ஒட்டி வழியை மூடிவிட்டது. வடிய வழியில்லை, மோட்டாரோ ஏற்றிக்கொண்டே இருந்தது. விடியற்காலையில் எழுந்த அம்மா ஈரத் தரையில் கால் வைத்து வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். அன்றைக்குத்தான் இதைத் தெரிந்தவர்களிடம் போவது என்று முடிவு செய்தேன்.

மறைமலைநகரில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை அது. மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய இந்த ஊர், சென்னையின் நெருக்கடியைக் குறைக்கத் திட்டமிட்டுக் கட்டிய துணைநகரம். கார் ஆலையும் உதிரிபாக ஆலைகளும் வந்த பிறகு, குழாய் வேலையும் வெல்டிங்கும் தெரிந்த கைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பட்டறைக்காரர் அப்படி வந்தவர்தான். ஒரு உதிரிபாக ஆலையில் பன்னிரண்டு ஆண்டுகள் கூலன்ட் லைன் பார்த்தவர். கடையும் எந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் திரவம் ஓடும் குழாய்களைக் காதால் கேட்டே கோளாறு சொல்லப் பழகியவர். இப்போது கண்ணாடித் தொட்டி செய்கிறார். அவர் மனைவி சிலிக்கான் பூசுகிறார். தங்கை மகன் பைப் அறுக்கிறான்.

நான் சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டுபோயிருந்தேன். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பைப் மேல கைய வச்சுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். மூலையில் இருந்த சோதனைத் தொட்டியை ஓடவிட்டார். அதன் வடிகுழாய் மட்டும் கண்ணாடிபோலத் தெரியும் ஹோஸ். "இதுல பாருங்க, உங்க வீட்டுல நடக்குறது அப்படியே தெரியும்."

பார்த்தேன். முதலில் நீர் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு சுழன்று இறங்கியது. நடுவில் கயிறுபோல் காற்று. இறங்கும் அளவைவிட மோட்டார் ஏற்றும் அளவு அதிகம் என்பதால் தடுப்புக்குள் நீர் உயர்ந்தது. குழாயின் வாய் முழுதாக மூழ்கியதும் காற்றுக் கயிறு அறுந்தது. குழாய் நிரம்பியது, அந்த நீர்த்தூணின் எடையே மேலிருக்கும் நீரை இழுக்கத் தொடங்கியது. பெட்ரோலை டியூப் போட்டு உறிஞ்சி எடுப்பதும் இதே வேலைதான்; சைஃபன். ஓர் அங்குலக் குழாய் இரண்டரை அடி உயரத்தில் முழுதாக நிரம்பி ஓடினால் மணிக்கு நாலாயிரம் லிட்டர்வரை இறக்கும். எங்கள் மோட்டார் ஏற்றுவது இரண்டாயிரத்துக்குப் பக்கம். அதனால் தடுப்பு சட்டென்று காலியாகி, குழாய் காற்றை உறிஞ்சி, சைஃபன் உடைந்து, 'குளுக்'. ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். நாடி பிடித்ததுபோல் அதிர்ந்தது.

"தண்ணி சத்தம் போடாது சார். காத்தும் சத்தம் போடாது. ரெண்டும் ஒரே வழியில போகும்போதுதான் சண்டை. வாயை அடைச்சா சண்டை நிக்காது, வழியத்தான் பிரிச்சு விடணும்" என்றார் அவர்.

வழியைப் பிரிக்கும் கலைக்கு உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் மூன்று முறைகளைக் கண்டுவைத்திருக்கிறார்கள். ரிச்சர்ட் டர்சோ என்ற அமெரிக்கரின் பெயரால் வழங்குவது முதலாவது. நிற்கும் குழாயின் தலையில் T வடிவ இணைப்பு ஒன்று, அதில் கீழ்நோக்கிய எல்போ, மேலே மூடியில் ஒரு சிறு துளை. எல்போவின் வாய் எப்போதும் நீருக்கடியில் இருக்கும். காற்று மூடியின் துளை வழியே மட்டும் போகும். துளை சிறிதானால் உறிஞ்சும், பெரிதானால் சலசலக்கும். நடுவில் எங்கோ ஓரளவில் அடங்கும். குறைந்த ஓட்டத்துக்கு இது போதும்.

இரண்டாவது, ஹெர்பி முறை. இரண்டு குழாய்கள். முதல் குழாய் காற்றே புகாமல் முழுதாக நிரம்பி ஓடும் சைஃபன். அதன் கீழ்முனைக்குப் பக்கத்தில் ஒரு வால்வு வைத்து, மோட்டார் ஏற்றும் அளவுக்கே இறங்கும்படி நெரித்துவிடுவார்கள். காற்று இல்லாத ஓட்டத்தில் ஓசை இல்லை. இரண்டாவது குழாய் சற்று உயரத்தில் காலியாக நிற்கும், ஆபத்துக்கு மட்டும். மூன்றாவது முறைக்குப் பீன் அனிமல் என்று பெயர். சைஃபனுக்கும் ஆபத்துக் குழாய்க்கும் நடுவே இன்னொரு திறந்த குழாய் இருக்கும். வால்வுக்கு மிஞ்சும் கொஞ்ச நீர் அதன் சுவரோரமாகச் சத்தமின்றி வழியும். சைஃபன் அடைத்துக்கொண்டால் தடுப்பில் உயரும் நீர் இந்தக் குழாயின் காற்று டியூபை மூடிவிடும். உடனே இதுவே சைஃபனாக மாறி நீரை இழுக்கும்.

எங்கள் தொட்டியில் இரண்டே துளைகள். ஒன்றில் வடிகுழாய், மற்றதில் நீர் ஏறும் குழாய். "ரெண்டையும் வடியறதுக்கு வச்சுக்குவோம். ஏர்ற பைப்பைப் பின்னாடி விளிம்பு மேல கொண்டு வந்துடலாம்" என்று ஒரு பழைய அட்டையில் படம் போட்டுக் காட்டினார். வேலை அரை நாளில் முடிந்தது. வால்வு பொருத்தும்போது ஒன்றைச் சொன்னார். பால் வால்வு கால் வட்டத்தில் திறந்து மூடும். நூலிழை அளவு திருத்தம் அதில் வராது. பல சுற்று சுற்றித் திறக்கும் கேட் வால்வுதான் வேண்டும். ஆனால் ஹார்டுவேர் கடையில் எளிதாகக் கிடைப்பது பித்தளை. பித்தளையிலிருந்து கசியும் செம்பு இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். அதனால் பிவிசியிலேயே கேட் வால்வு தேடி வாங்கி வைத்திருக்கிறார்.

சைஃபன் குழாயின் கீழ்முனை சம்ப் நீருக்குள் ஓர் அங்குலம் மட்டும் மூழ்க வேண்டும். அதைவிட ஆழமாகப் போனால் மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது குழாயிலிருக்கும் காற்று வெளியேற முடியாமல் திணறும். விளிம்புமேல் வந்த குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போட்டார். மின்சாரம் போனதும் மேல்நீர் அந்தக் குழாய் வழியே கீழே இழுக்கப்படும். துளை வெளியே தெரிந்தவுடன் காற்றுப் புகுந்து இழுப்பு நின்றுவிடும். நாலடிக்கு ஒன்றரையடித் தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது பதினான்கு லிட்டர். அத்தனையையும் தாங்கச் சம்ப்பில் காலி இடம் விட்டிருக்கிறோமா என்று மோட்டாரை நிறுத்திப் பார்த்த பிறகே கையைத் துடைத்தார்.

பிறகு வால்வைத் திருகத் தொடங்கினார். கால் சுற்று; காத்திருந்தார். அரைக்கால் சுற்று, மறுபடி காத்திருந்தார். உறிஞ்சல் தேய்ந்து, மூச்சாகி, அதுவும் நின்றது. சமையலறையிலிருந்து அம்மா வந்து, "மோட்டார நிறுத்திட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். "ஓடுதும்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக் குழாயின்மேல் வைத்தார். குளிர்ச்சி மட்டும்தான் இருந்தது. அதிர்வு இல்லை.

அடுத்த வாரம் கோவளம் பக்கம் ஒரு வேலைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடலோர வீட்டில் கோமாளி மீன்கள் வளரும் கடல்நீர்த் தொட்டி. கடலிலிருந்து பிடித்துவந்தால்தான் உண்டு என்றிருந்த மீன் அது. மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தது. அந்த வீட்டிற்குச் சற்று வடக்கே முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவை அப்படிப் பொரிக்க வைத்தது. மெரினாவில் 1909-ல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் நாட்டின் முதல் மீன் காட்சியகம் திறந்த கரை இது. கடல்நீரில் சத்தத்தோடு இன்னொரு கெடுதலும் சேரும். குமிழிகள் உடைந்து தெறிக்கும் இடமெல்லாம் உப்புப் பூக்கும். ஒயர், பிளக், அலமாரி எல்லாம் அரிக்கும்.

அங்கே புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது. டெம்பர்டு கண்ணாடி இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். அதில் துளையிட்டால் முழுப் பலகையும் பொடிப்பொடியாகிவிடும். குறித்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வளையம் கட்டி உள்ளே நீர் ஊற்றினார். வைரத்தூள் பதித்த ஹோல் சாவைச் சாய்த்து வைத்து, பிறை வடிவத்தில் தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்தினார். அழுத்தவில்லை, டிரில்லின் எடை மட்டும். நீர் பால்போல் வெளுத்தது. கீறலோசை மெலிந்ததும், "இனிமே அவசரப்பட்டா ஓரம் சில்லு பேந்துடும்" என்று கையின் எடையையும் எடுத்துவிட்டார். வட்டக் கண்ணாடி கழன்று அவர் மனைவியின் உள்ளங்கையில் விழுந்தது. அந்த அம்மா துளையின் ஓரத்தை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்துத் தலையசைத்த பிறகே வாஷரை எடுத்தார்.

திருப்போரூர் சாலை வழியாகத் திரும்பி, கொளவாய் ஏரிக்கரையில் டீ குடித்தோம். ஏரிகளின் மாவட்டம் இது. நிரம்பிய நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கலங்கல் கட்டினார்கள். பல்லவர், சோழர் காலத்துக் குமிழித்தூம்பு என்ற ஏரி மதகில் நீர் போக மேலே ஒரு துளை, சேறு போகக் கீழே ஒரு துளை என்று வழியைப் பிரித்து வைத்தார்கள். மதுராந்தகம் ஏரி நிரம்பினால் உபரிநீர் கிளியாற்றுக்குப் போகிறது. என் கூடத்து நாலடித் தொட்டியும் அதே அறிவைத்தான் கேட்டது.

எங்கள் வீட்டு வேலை முடிந்த அன்று அவர் கடைசியாகச் செய்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகிவிடும். சத்தம் அடங்கிய மகிழ்ச்சியில் நாங்கள் நின்றபோது, வால்வை முழுதாக மூடினார். தடுப்பில் நீர் ஏறி, ஆபத்துக் குழாயின் வாயைத் தொட்டு, சம்ப்பில் அருவிபோல் கொட்டியது. அந்தக் குழாயின் கீழ்முனையை வேண்டுமென்றே நீர்மட்டத்துக்கு மேலேயே நிறுத்தியிருந்தார். "இது ஒண்ணு மட்டும் சத்தம் போடணும் சார். அப்பத்தான் தூங்குறவங்க எழுந்திருப்பாங்க." பத்து நிமிஷம் ஓடவிட்டு, தொட்டி வழியவில்லை என்று காட்டிவிட்டு, வால்வைப் பழைய அளவுக்குத் திறந்தார்.

வடிகுழாயோடு மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: பஞ்சு வைத்து அடைக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே, பிரதான வால்வை மூடிப் பாருங்கள். இரண்டாவது குழாய் முழு நீரையும் தாங்கினால்தான் உங்கள் தொட்டியின் அமைதியை நம்பலாம்.