இடமிருந்தும் இடமில்லை

வீட்டிலே இடம் போதாமை என்பது நமது குடும்பங்களுக்குப் புதிய சங்கதியன்று. விருந்தினர் வந்தால் விறாந்தையிற் பாயை விரித்துச் சமாளிப்போம்; புத்தகங்கள் பெருகினால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவோம். ஆனால், பாதிக்கு மேல் வெறுமையாய்க் கிடக்கும் ஓர் இடம், வாசலில் வந்து நிற்கும் பொருளைப் பார்த்து, "உனக்கு இங்கே இடமில்லை" என்று கூறும் விந்தையைச் சென்ற மாதந்தான் நாம் கண்டோம். அவ்வாறு கூறியது எமது மேசைமீது கிடக்கும் பழைய வன்தட்டு. கணினிக்கு வெளியே கம்பி கொண்டு தொடுக்கும் வகையைச் சேர்ந்தது. 2009ஆம் ஆண்டில் வாங்கியது. 500 ஜிகாபைற் கொள்ளும்.

எமது மூத்த மகன் இசையமைப்பதில் நாட்டங் கொண்டவன். இக்காலத்தில் அதற்கு வாத்தியங்கள் வீட்டிலிருக்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு கலையகத்தில் நல்லதொரு பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே அழுத்தி ஒலிப்பதிவு செய்து, அப்பதிவுகள் அனைத்தையும் ஒரு கட்டாக விற்கிறார்கள். 'சாம்பிள் லைப்ரரி' என்று அதற்குப் பெயர். வாங்கியவன் தனது சிறிய விசைப்பலகையில் ஒரு கட்டையைத் தொட்டதும், கணினி அதற்குரிய பதிவைத் தேடியெடுத்து ஒலிக்கச் செய்கிறது. அப்படியொரு பியானோவை மூன்று இரவுகள் விழித்திருந்து இணையத்திலிருந்து இறக்கியவன், நான்காம் நாட்காலை அதை வன்தட்டில் இடப்போனான். கோப்பு மிகப் பெரியது என்று அது மறுத்துவிட்டது.

"அப்பா, இருநூற்றெழுபது ஜிகாபைற் சும்மா கிடக்குது. எட்டு ஜிகாபைற்றுக்கு இடமில்லையாம்!" என்றான், ஏதோ நாமே கதவைச் சாத்தியது போல.

நாம் கணினி கற்றவரல்லோம். பண்டகசாலைக் கணக்கெழுதிக் காலங்கழித்தவர். ஆயினும், மகன் விளக்க விளக்க, விடயம் எமது பழைய தொழிலைச் சார்ந்ததாகவே தோன்றிற்று. வன்தட்டை ஒரு பண்டகசாலையாகக் கொள்ளலாம். எந்தப் பொருள் எந்த அடுக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிவைக்கும் பேரேடுதான் 'கோப்பு முறைமை'. எமது வன்தட்டின் பேரேடு 'ஃபட் 32' என்னும் முறையில் எழுதப்பட்டது. 1996ஆம் ஆண்டில், விண்டோஸ் 95இன் பிந்திய பதிப்பொன்றுடன் வந்த முறை அது. அதில் ஒரு கோப்பின் பருமனைக் குறிக்க ஒதுக்கிய கட்டத்தில் 32 இரும இலக்கங்களே கொள்ளும். அக்கட்டத்தில் எழுதத்தக்க மிகப் பெரிய எண் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 295. அதற்கு மேல் ஒரேயொரு பைற் கூடினாலும் எழுத வழியில்லை. பண்டகசாலை வெறுமையாய் இருந்தென்ன? கணக்கில் ஏறாத மூடையை எந்தக் கணக்கன் உள்ளே விடுவான்?

ஒரு பியானோ ஏன் இவ்வளவு இடம் கேட்கிறது என்று வாசகர்கள் வியக்கக்கூடும். மாணவர்கள் கடதாசியில் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது. பியானோவிற்கு 88 கட்டைகள். மெல்லத் தொடும்போதும் ஓங்கி அடிக்கும்போதும் ஒலியின் தன்மையே மாறுவதால், ஒவ்வொன்றையும் எட்டு வகை அழுத்தத்தில் பதிவதாகக் கொள்வோம்: 704 பதிவுகள். ஒவ்வொன்றும் 20 விநாடி. நல்ல தரமான இருவழி ஒலிப்பதிவு விநாடிக்கு 288,000 பைற் கொள்ளும். பெருக்கினால் 405 கோடி பைற். இதுவரையில் பழைய பேரேடு தாங்கும். ஆனால், காலால் பெடலை மிதித்த நிலையில் இன்னொரு முறை பதிந்தால் 811 கோடியாகிவிடும். அதையும் ஒரே கோப்பாகப் பொதிந்து அனுப்பினால், எமது வன்தட்டுக் கணக்கன் பேனையைக் கீழே வைத்துவிடுகிறான்.

பேரேட்டை மாற்றிவிடலாம் என்றான் மகன். விண்டோஸில் 'கொன்வேர்ட்' என்றொரு கட்டளை உண்டு. உள்ளே இருப்பதைக் கலைக்காமலே ஃபட் 32ஐ 'என்.ரி.எப்.எஸ்.' என்னும் முறைக்கு மாற்றித் தரும். 1993இல் வந்த அம்முறையில் இத்தகைய எல்லைத் தொல்லை இல்லை. ஆனால், எமது மைத்துனரின் மகன் கொக்குவிலிலிருந்து வந்து இவனோடு சேர்ந்து இசையமைப்பவன். அவனிடம் இருப்பது அப்பிள் நிறுவனத்தின் மக் கணினி. மக், என்.ரி.எப்.எஸ். பேரேட்டை வாசிக்குமேயன்றி, தனியே வேறு மென்பொருள் நிறுவாவிடில் அதில் எழுதாது. வாசித்தாற் போதாதா என்று கேட்டோம். மச்சான் தான் பதிந்ததைத் திருப்பித் தரவேண்டாமா என்றான். மக்கின் சொந்த முறையாகிய 'ஏ.பி.எப்.எஸ்.' எடுத்தாலோ, விண்டோஸ் கண்ணை மூடிக்கொள்ளும். மச்சான்மாருக்குள் இத்தனை ஒற்றுமை இருக்க, அவர்களுடைய கணினிகளுக்குள் ஏன் இந்தப் பகையோ!

இரண்டுக்கும் பொதுவாக எஞ்சியது 'எக்ஸ்ஃபட்'. 2006இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்டது. அதற்கும் குறைகள் உண்டு. என்.ரி.எப்.எஸ். தான் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும். மின்சாரம் நின்றால் அக்குறிப்பைப் பார்த்துப் பேரேட்டைச் சீர்செய்யும். எக்ஸ்ஃபட்டுக்கு அப்பழக்கம் இல்லை. ஆகவே, சொல்லாமற் கொள்ளாமல் கம்பியைப் பிடுங்கினால் கணக்குக் குழம்பும். மேலும், எமதைப் போன்ற பெரிய தட்டில் விண்டோஸ் வழக்கமாக 128 கிலோபைற் கொண்ட பெட்டிகளாக இடத்தைப் பிரிப்பதால், பத்துக் கிலோபைற் கோப்பும் ஒரு முழுப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். சிறு சிறு துண்டுகளாக ஆயிரக்கணக்கில் வரும் தொகுதிகளுக்கு இது வீண்செலவு. பெரிய கட்டுகளுக்கு வலியில்லை. இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை. பொறுக்க முடியாதது ஒன்றுதான்: ஃபட் 32இலிருந்து எக்ஸ்ஃபட்டுக்கு இருந்த இடத்திலேயே மாற்றுவதற்கு விண்டோஸ் வழி தரவில்லை. தட்டை முழுதும் அழித்து, 'ஃபோமற்' செய்து, புதுப் பேரேடு திறக்க வேண்டும்.

'அழித்து' என்ற சொல் அடுக்களைக்குக் கேட்டுவிட்டது.

"இஞ்சருங்கோ, அம்மாவின்ரை கசற் எல்லாம் அதுக்குள்ளைதானே?" என்று கேட்டபடி இல்லாள் வெளியே வந்தாள்.

நாம் அதை மறந்தே போயிருந்தோம். எமது மாமியார் 1986ஆம் ஆண்டில் தம் பழைய கதைகளையும் தாலாட்டுகளையும் ஆறு ஒலிநாடாக்களில் பேசியும் பாடியும் வைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது, பெட்டி படுக்கையெல்லாவற்றையும் விட்டு மழையில் நடந்த அன்று, இல்லாள் அவற்றை அரிசிப் பைக்குள் புதைத்துச் சாவகச்சேரிவரை சுமந்தாள். மாமியார் 1999இற் காலமானார். 2011இல் நாமே ஒரு பழைய ஒலிநாடாக் கருவியைக் கணினியோடு தொடுத்து, பக்கத்துக்கு அரைமணியாகப் பன்னிரண்டு கோப்புகளாக்கினோம். பின்னர் நாடாக்களில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கணினியும் மாறிவிட்டது. ஆகவே, அந்தக் குரல் உலகத்தில் இருந்த ஒரே இடம் இந்தத் தட்டுத்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று இதில் இட்டோம். வேறெங்கும் இல்லாத பொருளை ஓரிடத்தில் வைப்பது பத்திரமாகாது என்பது கணக்கெழுதிய எமக்கே தோன்றவில்லை. நாணத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

பியானோ தொலைந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இன்னும் மூன்று இரவு விழிப்பு, அவ்வளவே. பன்னிரண்டு கோப்புகளும் சேர்ந்து அந்தப் பியானோவிற் பாதிகூட வரமாட்டா.

மைத்துனர் வீட்டிலிருந்து புதிய தட்டொன்று இரவல் வந்தது. மாலை ஏழு மணிக்குப் பிரதியெடுக்கத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி முடிந்தது. காலையில் மகன் ஃபோமற் பொத்தானுக்கு அருகில் விரலைக் கொண்டுபோனான். இல்லாள் தடுத்தாள்.

"கேட்டுப் பாத்திட்டு அழி."

"அம்மா, கணினி சரியாத்தான் எடுத்திருக்கும்."

"நான் கேக்கவேணும்."

புதிய தட்டைத் திறந்தான். எண்ணினால் பதினொன்று. நான்காம் நாடாவின் இரண்டாம் பக்கம் இல்லை. அவன் முகம் வெளிறிவிட்டது. இரவு ஒரு மணியளவில், ஒரு கோப்பை வாசிக்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கணினி கேட்டதாம். இவன் தூக்கக் கலக்கத்தில், அதைத் தாண்டிப் போகும்படி பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்துவிட்டான். நாம் அவனைக் கடியவில்லை. கடிவதற்கு எமக்கு என்ன தகுதி?

பழைய தட்டிலிருந்து மறுபடி எடுத்தான்; பாதியில் நின்றது. இன்னொருமுறையும் நின்றது. பின்பு கம்பியைத் தொட்டுப் பார்த்தான். முனை தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. வேறு கம்பி மாற்றி மூன்றாம் முறை எடுத்தபோது முழுதும் வந்தது. அந்த அரை நிமிடம் எம் வீட்டில் ஒருவரும் மூச்சு விட்டதாக நினைவில்லை.

பின்னர் பன்னிரண்டையும் கேட்டோம். ஆறு மணிநேரம், இரண்டு இரவுகள் பிடித்தன. இளையவள் தன் அம்மம்மாவின் குரலை முதன்முதலாக அப்போதுதான் கேட்டாள். தவறிப்போயிருந்த அந்தப் பக்கத்தில் பெரிய கதை எதுவும் இல்லை. மாமியார் ஒடியல் காயவைப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார். நடுவே ஒரு சேவல். பின்னால், யாரோ இறைக்கிறார்கள் போலும், கிணற்றடித் துலா கிறீச்சிட்டு ஏறி இறங்குகிறது. அந்தத் துலாவும் இன்றில்லை, கிணற்றடியும் இன்றில்லை.

ஒரு பிரதியை மைத்துனர் வீட்டிலும், ஒன்றை எமது மடிக்கணினியிலும், ஒன்றை வேறொரு சிறு தட்டிலும் வைத்த பிறகே மகனுக்கு அனுமதி கிடைத்தது. ஃபோமற் செய்யச் சில விநாடிகளே பிடித்தன. விரைவு முறையில் பண்டங்களை உடனே துடைப்பதில்லையாம். பேரேட்டை மட்டும் புதிதாகத் திறந்துவிடுகிறது. பழைய பண்டங்களின் மேல் புதியவை வந்து விழும்வரை அவை பெயரற்றுக் கிடக்கும். பியானோ உள்ளே போயிற்று. கொக்குவில் மருமகனின் மக்கும் அதை வாசித்தது, எழுதியது.

இரண்டு நாள் கழித்து மகன் இல்லாளிடம் வந்து தயங்கி நின்றான்.

"அம்மா, அந்தத் துலாச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து என்ரை பாட்டிலை போடட்டோ?"

இல்லாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "சேவலையும் விடாதை" என்றாள்.